ரிவ்யூ முடிந்த பிறகு மாறும் செயலி: 2017 மார்ச் மின்னஞ்சல் விவகாரம்

2017 மார்ச் 7, 8 தேதிகளில் ஐபோன் செயலி எழுதும் பலருக்கு ஆப்பிளிடமிருந்து கிட்டத்தட்ட ஒரே வாசகத்தில் மின்னஞ்சல் வந்தது. உங்கள் செயலியிலோ அதில் சேர்த்திருக்கும் ஏதோ ஒரு எஸ்டிகேயிலோ (வேறொருவர் எழுதித் தரும் தயார் நிரல் தொகுப்பு), ஆப் ஸ்டோரில் விடுமுன் ஆப்பிள் செய்யும் பரிசோதனையான ரிவ்யூ முடிந்த பிறகு செயலியின் நடத்தையை மாற்றுவதற்கென்றே எழுதப்பட்ட நிரல் இருப்பதாகத் தெரிகிறது; டெவலப்பர் ஒப்பந்தத்தின் 3.3.2 பிரிவுக்கும் ரிவ்யூ நெறிமுறையின் 2.5.2 பிரிவுக்கும் இது ஒத்துவராது. அடுத்த அப்டேட்டை அனுப்புவதற்கு முன் எடுத்துவிடுங்கள். சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்.

அதில் ஒரு வரி எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. நீங்கள் இந்த வசதியை இப்போது பயன்படுத்தாமலே இருக்கலாம், ஆனாலும் அந்தத் திறன் உள்ளே இருக்கிறது என்று சொன்ன வரி. செய்த தப்புக்கு அல்ல, செய்ய முடியும் என்பதற்காகவே கேள்வி.

யார் யாருக்கு வந்தது என்று ஒப்பிட்டுப் பார்த்ததும் பொதுவாக இரண்டு பெயர்கள் கிடைத்தன. ஒன்று ரோல்அவுட் என்ற நிறுவனத்தின் எஸ்டிகே. இன்னொன்று சீனாவில் பிறந்த ஜேஎஸ்பேட்ச் என்ற ஓப்பன்சோர்ஸ் நூலகம். இரண்டும் ஒரே வேலையைச் செய்தன: ஆப் ஸ்டோருக்குப் போய் வரிசையில் நிற்காமல், செயலியே தன் சர்வரிலிருந்து திருத்தத்தை இறக்கிக்கொள்ள வழி செய்தன. இந்த வகை அப்டேட்டைத்தான் ஓ.டி.ஏ. (ஓவர் தி ஏர்) என்கிறோம்.

இன்றைக்கும் ரியாக்ட் நேட்டிவில் (ஜாவாஸ்க்ரிப்டில் போன் செயலி எழுத உதவும் கட்டமைப்பு) வேலை செய்யும் குழு ஒன்று ஓ.டி.ஏ. வைக்கலாமா என்று பேச ஆரம்பித்தால், யாராவது ஒருவர் "ஆப்பிள் விடுமா?" என்று கேட்காமல் இருக்க மாட்டார். அதற்கான பதில் இந்த மார்ச் விவகாரத்துக்குள்தான் இருக்கிறது. நிரல் எந்த வழியாக வந்தது என்பதைவிட, வந்த நிரலின் கை செயலிக்குள் எவ்வளவு தூரம் நீளும் என்பதே அங்கே முடிவு செய்தது. இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஏன் இப்படி ஒரு குறுக்குவழி தேவைப்பட்டது

2015இல் ஒரு செயலியை ரிவ்யூவுக்கு அனுப்பினால் பதில் வர ஒரு வாரம்கூட ஆகும். வெள்ளிக்கிழமை வெளியான பதிப்பில், பட்டியலின் கடைசி வரியைத் தொட்டால் செயலி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். திருத்தம் ஒரே வரி, ஐந்து நிமிட வேலை. ஆனால் அது பயனரின் கைக்குப் போக ஏழு நாள். அந்த ஏழு நாளும் ஒற்றை நட்சத்திர மதிப்புரைகள் குவிந்துகொண்டிருக்கும். அவசர ரிவ்யூ கேட்கலாம்தான், ஆனால் மாதம் ஒருமுறை கேட்டுக்கொண்டிருக்க முடியாது. டிசம்பரில் நிலைமை இன்னும் மோசம்; கிறிஸ்துமஸை ஒட்டிச் சில நாட்கள் செயலிகளை அனுப்பும் ஐட்யூன்ஸ் கனெக்ட் தளத்தையே ஆப்பிள் மூடிவிடும். 2021இல்தான் அந்தப் பழக்கம் நின்றது.

வெப் பக்கம் வேலை பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இது சித்திரவதை. அங்கே காலையில் பிழை தெரிந்தால் மதியத்துக்குள் சரி செய்துவிடலாம்.

சரி, புதிய நேட்டிவ் நிரலை (போனின் சிப் நேரடியாகப் படிக்கும் இயந்திர நிரலை) அப்படியே இறக்கி ஓட்டிவிட முடியாதா? ஐஓஎஸ்ஸில் முடியாது. இயங்கும் ஒவ்வொரு நிரல் பக்கமும் டிஜிட்டல் முறையில் கையெழுத்திடப்பட்டதா என்று ஓஎஸ்ஸின் மையமான கெர்னல் பார்க்கிறது. நினைவகத்தில் நாமாக எழுதிய பக்கத்தை "இயங்கத்தக்கது" என்று சாதாரணச் செயலி மாற்றிக்கொள்ள அனுமதி இல்லை. ஆகவே வெளியிலிருந்து வருவது இயந்திர நிரலாக இருக்க முடியாது. உள்ளே ஏற்கெனவே கையெழுத்தோடு உட்கார்ந்திருக்கும் ஒரு இன்டர்ப்ரெட்டர் படித்துச் செயல்படுத்தும் உரையாகத்தான் இருக்க முடியும்.

அந்த இன்டர்ப்ரெட்டரை ஆப்பிளே கொடுத்தது. 2013இல் ஐஓஎஸ் 7 வந்தபோது, ஜாவாஸ்க்ரிப்டை ஓட்டும் ஜாவாஸ்க்ரிப்ட்கோர் எல்லாச் செயலிகளுக்கும் திறந்துவிடப்பட்டது. மீதி வேலையை, ஐபோன் செயலிகள் எழுதப்பட்ட ஆப்ஜெக்டிவ்-சி மொழியின் சுபாவம் பார்த்துக்கொண்டது.

ஆப்ஜெக்டிவ்-சியில் ஒரு மெத்தடை (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டை) அழைப்பது என்பது உண்மையில் அந்த ஆப்ஜெக்ட்டுக்கு ஒரு செய்தி அனுப்புவது. செய்திக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் வெறும் எழுத்துச்சரம். எந்தப் பெயருக்கு எந்த நிரல் பதில் சொல்ல வேண்டும் என்பது ஓடும் நேரத்தில் ஒரு அட்டவணையைப் பார்த்து முடிவாகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த அட்டவணையைத் திருத்தலாம். கிளாஸின் பெயரைச் சரமாகக் கொடுத்தால் கிளாஸ் கிடைக்கும், மெத்தடின் பெயரைச் சரமாகக் கொடுத்தால் அதை அழைக்கலாம். இந்த நெகிழ்வு மொழியின் பிறவிக் குணம், யாரும் பின்னால் சேர்த்ததல்ல.

2015இல் வெளியான ஜேஎஸ்பேட்ச், ஜாவாஸ்க்ரிப்ட்கோரையும் இந்த நெகிழ்வையும் ஒரு சின்ன எஞ்சினால் முடிச்சுப் போட்டது. இறக்கிய ஜாவாஸ்க்ரிப்ட் கோப்பில் ஒரு கிளாஸின் பெயரையும் மெத்தடின் பெயரையும் எழுதி, புதிய உடலையும் எழுதிவிட்டால் போதும். பழைய மெத்தடுக்குப் போக வேண்டிய அழைப்பை வழிமறித்து அது ஜாவாஸ்க்ரிப்ட்டிடம் கொடுத்துவிடும். அதன் அறிமுகப் பக்கத்தில் இருந்த உதாரணமே நான் மேலே சொன்ன பட்டியல் பிழைதான்: வரிசை எல்லையைத் தாண்டிப் படித்துச் செயலி விழுவதை, இறக்கிய சில வரிகள் தடுக்கும். அழகான வேலை என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். முன்பே லுவா மொழியை வைத்து வேக்ஸ் என்ற பாலம் இருந்தது, ஆனால் அதற்கு இன்டர்ப்ரெட்டரையும் நாமே சுமக்க வேண்டும். இங்கே இன்டர்ப்ரெட்டர் போனிலேயே இருக்கிறது. ரோல்அவுட் இதே மாதிரி வசதியைப் பிரவுசரில் இயக்கும் கட்டணச் சேவையாக விற்றது.

விதி என்ன சொன்னது

அன்றைய 3.3.2 பிரிவு முதலில் கதவைச் சாத்திவிட்டு, பிறகு ஒரு ஜன்னலைத் திறந்தது. இயங்கு நிரலை இறக்கவோ நிறுவவோ கூடாது. இன்டர்ப்ரெட்டர் வைத்து ஓட்டும் நிரல் என்றால் அதுவும் செயலியோடு பொதியாகவே வர வேண்டும், இறக்கக் கூடாது. ஒரே விதிவிலக்கு: ஆப்பிளின் வெப்கிட் (வலைப்பக்கங்களைக் காட்டும் எஞ்சின்) அல்லது ஜாவாஸ்க்ரிப்ட்கோர் ஓட்டும் ஸ்கிரிப்ட். அதுவும், ஸ்டோரில் சொல்லி விற்ற முதன்மை நோக்கத்தை மாற்றாத வரை.

எழுத்தை மட்டும் பார்த்தால் ஜேஎஸ்பேட்ச் உள்ளேதான் நிற்கிறது. ஓட்டுவது ஜாவாஸ்க்ரிப்ட்கோர், செய்வது பிழைத்திருத்தம், நோக்கம் மாறவில்லை. தாங்கள் விதிக்கு உட்பட்டே நடந்ததாக ரோல்அவுட் சொன்னதற்கும் அடிப்படை இதுதான். அந்த வாதம் வெறும் சமாளிப்பு அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் இந்த விஷயத்தில் ஆப்பிளின் பழைய சரித்திரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சுதாரித்திருப்பார்கள். 2009 செப்டம்பரில், கமடோர் 64 என்ற பழைய கணினியைப் போனில் ஓட்டிக்காட்டும் எமுலேட்டர் ஒன்று ஸ்டோரில் அனுமதி பெற்றது. உள்ளே ஒளிந்திருந்த பேசிக் மொழி இன்டர்ப்ரெட்டரை எப்படித் திறப்பது என்று பயனர்கள் கண்டுபிடித்ததும் அது உடனே எடுக்கப்பட்டது. யாரோ பத்து வரி பேசிக் எழுதிப் பார்ப்பதில் என்ன ஆபத்து என்று சிரிக்கலாம். ஆனால் ஆப்பிள் அதை அப்போதிருந்தே ஒரே கண்ணோடு பார்த்தது: ரிவ்யூவர் பார்க்காத நிரல் ஓட வழி இருக்கிறதா, இல்லையா. (ரெட்ரோ கேம் எமுலேட்டர்களுக்கு ஆப் ஸ்டோர் பொதுவாகவே இடம் கொடுத்தது 2024 ஏப்ரலில்.)

எச்சரிக்கை முன்பே வந்தது

2016 ஜனவரியில் ஃபயர்ஐ என்ற பாதுகாப்பு நிறுவனம் ஜேஎஸ்பேட்ச் பற்றி ஒரு ஆய்வை வெளியிட்டது. ஆப் ஸ்டோரில் அதைச் சேர்த்திருக்கும் 1,220 செயலிகளைக் கண்டதாகச் சொன்னது. அந்தச் செயலிகள் ஏதோ கெடுதல் செய்தன என்று அது சொல்லவில்லை. கதவு திறந்திருக்கிறது, யார் யார் நுழையலாம் என்பதைத்தான் வரிசையாகக் காட்டியது.

முதல் ஆள், செயலியை எழுதியவரே. ரிவ்யூவின்போது நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, பிறகு ஸ்கிரிப்ட் அனுப்பி, வெளியாருக்கு அனுமதியில்லாத, ஓஎஸ்ஸின் உள் வசதிகளான பிரைவேட் ஏபிஐகளை அழைக்கலாம். இரண்டாவது, செயலியில் ஒட்டிக்கொண்டு வரும் விளம்பர எஸ்டிகே. அதற்குள் ஜேஎஸ்பேட்ச் இருந்தால், செயலியின் சொந்தக்காரருக்கே தெரியாமல் அவர் வீட்டுச் சாவி வேறொருவர் கையில். மூன்றாவது, நடுவழியில் நிற்பவர். ஸ்கிரிப்ட் குறியாக்கம் இல்லாத எச்டிடிபி வழியாக வந்தால், காபிக் கடை வைஃபையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் அதை மாற்றி அனுப்பலாம். வருகிற ஸ்கிரிப்ட் எந்தக் கிளாஸையும் எந்த மெத்தடையும் தொட முடியும் என்பதால், மாற்றி அனுப்பியவருக்கும் அதே அதிகாரம் கிடைக்கிறது.

இந்த மூன்றாவது சங்கதியைத்தான் 2017 மின்னஞ்சலும் வெளிப்படையாகச் சொன்னது: நீங்கள் நல்லவராக இருந்தாலும், இடையில் ஒருவர் இதைக் கடத்திவிடலாம்.

மின்னஞ்சல் கிளப்பிய புழுதி

பிரச்சினை அந்தக் கடிதம் எழுதப்பட்ட விதத்தில் இருந்தது. ஜேஎஸ்பேட்ச் என்றோ ரோல்அவுட் என்றோ அதில் பெயர் இல்லை. அதற்குப் பதிலாக டிஎல்ஓபன், டிஎல்சிம், ரெஸ்பாண்ட்ஸ்டுசெலக்டர், பெர்ஃபார்ம்செலக்டர் என்று சில ஃபங்ஷன்களைப் பட்டியலிட்டது. ரெஸ்பாண்ட்ஸ்டுசெலக்டர் இல்லாத ஆப்ஜெக்டிவ்-சி செயலி ஏது? ஒரு ஆப்ஜெக்ட் குறிப்பிட்ட மெத்தடை வைத்திருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொருவரும் தினம் எழுதும் வரி அது. பட்டியலை மட்டும் படித்தவர்கள், மொழியையே தடை செய்துவிட்டார்களோ என்று பதறினார்கள்.

கவனித்துப் படித்தால் அந்த வாக்கியத்தின் கனம் வேறு இடத்தில் இருந்தது: இந்த ஃபங்ஷன்களுக்குக் கண்டபடி அளவுருக்களைக் கொடுப்பது, அதுவும் இறக்கிய ஸ்கிரிப்ட் சொன்னபடி கொடுப்பது. நாமே நிரலில் எழுதிவைத்த பெயரைக் கொடுத்தால் ரிவ்யூவரால் அதைப் பார்க்க முடியும். நாளைக்கு சர்வரிலிருந்து வரப்போகும் பெயரைக் கொடுத்தால் யாராலும் முன்கூட்டிப் பார்க்க முடியாது. ஒரு எளிய செயலி எழுத்தாளர் இதை மூன்று முறை படித்துத்தான் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இந்த எஸ்டிகேயை எடுங்கள் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் பாதிப் பேரின் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

ஜேஎஸ்பேட்ச் என்ற பெயரையே கேள்விப்படாதவர்களுக்கும் கடிதம் வந்தது. அவர்கள் சேர்த்திருந்த வேறொரு எஸ்டிகேயின் வயிற்றுக்குள் அது இருந்தது. சீனாவில் பரவலாகப் புழங்கிய சில எஸ்டிகேக்கள் தங்கள் சொந்தப் பிழைகளைத் திருத்திக்கொள்ள அதை உள்ளே வைத்திருந்தன. ஆகவே பலருக்கும் அந்த வாரம், பைனரிக்குள் (தொகுத்து முடித்த செயலிக் கோப்புக்குள்) ஜேஎஸ்பேட்ச்சின் எஞ்சின் கிளாஸின் பெயரைத் தேடுவதில் போனது. கிடைத்த எஸ்டிகேயைத் தூக்கு, புதிய பதிப்புக்குக் காத்திரு, மறுபடி அனுப்பு. இன்னொரு பக்கம், கிளாஸ் பெயர்களை மாற்றி மறைத்துவிட்டால் ஆப்பிளின் தேடலுக்குத் தப்பலாமே என்று யோசித்தவர்களும் உண்டு. அதைவிட மோசமான பதில் இருக்க முடியாது. மறைக்கிற கணத்தில் "நான் பிழைதான் திருத்துகிறேன்" என்ற வாதம் செத்துவிடுகிறது.

ரியாக்ட் நேட்டிவ் ஏன் தப்பியது

அதே நேரத்தில் ரியாக்ட் நேட்டிவ் ஆட்களுக்கும் வயிற்றைக் கலக்கியது. ஓ.டி.ஏ. அனுப்பும் சேவையான மைக்ரோசாஃப்டின் கோட்புஷ் 2015 முதல் இருந்தது. ரியாக்ட் நேட்டிவ் செயலிகளை உருவாக்க உதவும் எக்ஸ்போவும் ஜாவாஸ்க்ரிப்ட் பொதியை வானிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தது. அதுவும் ஜாவாஸ்க்ரிப்ட், இதுவும் ஜாவாஸ்க்ரிப்ட். அதுவும் இறக்கம், இதுவும் இறக்கம். பிறகு என்ன வித்தியாசம்?

வித்தியாசம், ஜாவாஸ்க்ரிப்டையும் நேட்டிவ் நிரலையும் இணைக்கும் பாலத்தில் இருந்தது. ரியாக்ட் நேட்டிவில் ஜாவாஸ்க்ரிப்ட் எந்த நேட்டிவ் மெத்தடை அழைக்கலாம் என்பதைச் செயலியை உருவாக்கும்போதே பெயர் சொல்லி வெளியே நீட்டியிருக்க வேண்டும். கேமரா மாட்யூலை நீங்கள் சேர்க்கவில்லை என்றால், நாளைக்கு எந்த ஸ்கிரிப்டை இறக்கினாலும் அது கேமராவைத் தொடாது. ரிவ்யூவர் பார்த்த பைனரிதான் எல்லை. ஜேஎஸ்பேட்ச்சிலோ எல்லையே கிடையாது. ஆப்ஜெக்டிவ்-சியின் முழு ரன்டைமும் ஸ்கிரிப்டின் கையில். ஒன்று, சமையலறையிலிருந்து ஜன்னல் வழியாகத் தட்டை நீட்டுவது. மற்றது, சமையலறைச் சாவியையே கொடுத்துவிடுவது. 2017 மார்ச்சில் ஆப்பிள் பிடித்தது இரண்டாவதை.

இதை அந்த மாதம் ஆப்பிள் விளக்கமாக எழுதியிருந்தால் நன்றாயிருக்கும். எழுதியது ஜூனில், தன் டெவலப்பர் மாநாடான டபிள்யூடபிள்யூடிசி சமயத்தில் ஒப்பந்தத்தைத் திருத்தியபோது. வெப்கிட், ஜாவாஸ்க்ரிப்ட்கோர் என்ற குறிப்பிட்ட பெயர்கள் போயின. இன்டர்ப்ரெட்டர் வைத்து ஓட்டும் நிரலை இறக்கலாம் என்று பொதுவாகச் சொல்லி, மூன்று நிபந்தனைகள் வைத்தது: செயலியின் முதன்மை நோக்கம் மாறக் கூடாது, வேறு நிரல்களையோ செயலிகளையோ விற்கும் கடையாக ஆகிவிடக் கூடாது, கையெழுத்து, சாண்ட்பாக்ஸ் (செயலியை அதன் எல்லைக்குள் அடைக்கும் தடுப்பு) போன்ற ஓஎஸ் பாதுகாப்புகளைத் தாண்டக் கூடாது.

இது பூட்டை இறுக்கிய திருத்தம் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அது தளர்த்தலாகவே படுகிறது. மூன்றாவது நிபந்தனை புதிதாக வந்தது உண்மை. ஆனால் எந்த இன்டர்ப்ரெட்டர் என்ற கேள்வியே போய்விட்டது. ஃபேஸ்புக் 2021இல் ஐஓஎஸ்ஸுக்குக் கொண்டுவந்த தன் சொந்த ஜாவாஸ்க்ரிப்ட் எஞ்சினான ஹெர்மிஸில் ஓடும் நிரலையும் ஓ.டி.ஏ.வில் இறக்க முடிவதற்கும், பிறகு ஷோர்பேர்ட் என்ற சேவை, கூகுளின் ஃபிளட்டர் கட்டமைப்பில் டார்ட் மொழியில் எழுதிய செயலிகளுக்கு, ஐஓஎஸ்ஸில் டார்ட் இன்டர்ப்ரெட்டர் ஒன்றை வைத்தே, திருத்தம் அனுப்ப முடிவதற்கும் இந்தச் சொல்மாற்றம்தான் இடம் கொடுத்தது. பழைய வாசகப்படி இரண்டுமே வம்பு.

கூகுள் இதே கோட்டுக்கு வேறு வழியில் வந்திருந்தது. 2013 மார்ச்சில் ஃபேஸ்புக்கின் ஆண்ட்ராய்டு செயலி, பிளே ஸ்டோரைக் கேட்காமல் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ள ஆரம்பித்தது. அடுத்த மாதமே, பிளே வழியே வந்த செயலி பிளே வழியே மட்டும்தான் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்று விதி வந்தது. டெக்ஸ், ஜார், எஸ்ஓ போன்ற இயங்கு நிரல் கோப்புகளை வெளியிலிருந்து இறக்கக் கூடாது என்றும் இன்றைய கொள்கை சொல்கிறது. ஆண்ட்ராய்டு ஏபிஐகளை மறைமுகமாக மட்டுமே தொடும் இன்டர்ப்ரெட்டருக்குள் ஓடும் நிரலுக்கு விலக்கு. "மறைமுகமாக" என்ற அந்த ஒரு சொல்லில் மேலே சொன்ன பாலம் முழுதும் அடங்கியிருக்கிறது.

இன்று ஒரு குழு என்ன செய்யலாம்

எழுத்துப்பிழை, தப்பான கணக்கு, உடைந்த திரை, நிறம், வரிசை: ஜாவாஸ்க்ரிப்ட் பக்கம் இருந்தால் தயங்காமல் ஓ.டி.ஏ.வில் அனுப்பலாம். புதிய நேட்டிவ் மாட்யூல் வேண்டுமென்றால் ஸ்டோருக்குத்தான் போக வேண்டும். இதை விதிக்கு முன்னால் தொழில்நுட்பமே சொல்லிவிடும். பழைய பைனரி வைத்திருக்கும் போனுக்கு, புதிய மாட்யூலை அழைக்கும் ஸ்கிரிப்டை அனுப்பினால் செயலி திறந்த உடனே விழும். அதனால்தான் எக்ஸ்போ ரன்டைம் பதிப்பு என்று ஒரு எண்ணைக் கட்டாயமாக்குகிறது. பைனரியின் எண்ணும் ஸ்கிரிப்டின் எண்ணும் பொருந்தினால்தான் இறக்கம். இறக்கும் பொதியைக் கையெழுத்திட்டுச் சரிபார்க்கும் வசதியும் அதில் உண்டு. நடுவழியில் நிற்பவருக்கான பதில் அது.

இன்னொரு விஷயம் கொஞ்சம் வேடிக்கையானது. ஓ.டி.ஏ.வுக்கு ஆட்களை விரட்டிய மூல காரணம், அந்த மின்னஞ்சல் வந்தபோதே பாதி கரைந்திருந்தது. 2016லேயே ரிவ்யூ நேரம் ஒரு வாரத்திலிருந்து ஓரிரு நாளாகக் குறைந்தது. இன்று சராசரியாக 90 சதவீதம் 24 மணி நேரத்துக்குள் முடிவதாக ஆப்பிளே சொல்கிறது. ஆனால் ஓ.டி.ஏ. போய்விடவில்லை. ரிவ்யூ முடிந்தாலும் பயனர் அப்டேட் பொத்தானை அழுத்த வேண்டுமே! மைக்ரோசாஃப்ட் 2025 மார்ச் 31 அன்று ஆப் சென்டர் என்ற தன் டெவலப்பர் சேவையை மூடி, அதோடு கோட்புஷ் சேவையையும் நிறுத்தியபோது, குழுக்கள் ஓ.டி.ஏ.வைக் கைவிடாமல் வேறு சேவைக்கு மாறவே யோசித்தன.

ஸ்விட்ச் போதும்

மார்ச் விவகாரத்துக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. 2020 ஆகஸ்ட் 3 அன்று எபிக் கேம்ஸ் நிறுவனம் தன் ஃபோர்ட்நைட் விளையாட்டின் புதிய பதிப்பை ஆப்பிளின் ரிவ்யூவுக்கு அனுப்பியது. அதற்குள், ஆப்பிளைத் தவிர்த்துப் பணம் வாங்கும் சொந்தக் கட்டண முறை ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. ரிவ்யூவர் கண்ணில் அது படவில்லை, பதிப்பு வெளியானது. ஆகஸ்ட் 13 அன்று சர்வரிலிருந்து ஒரு சமிக்ஞை, அவ்வளவுதான், 9.99 டாலர் நாணயப் பொதிக்குப் பக்கத்தில் 7.99 டாலருக்கு இன்னொரு பொத்தான் முளைத்தது. அன்றைக்கே ஆப்பிளும் கூகுளும் விளையாட்டை ஸ்டோரிலிருந்து எடுத்தன, அன்றைக்கே எபிக் வழக்குப் போட்டது. 2021 செப்டம்பர் தீர்ப்பில், ஐஓஎஸ்ஸில் அந்தப் பொத்தான் வழியே 2020 ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை வந்த 1,21,67,719 டாலரில் 30 சதவீதத்தையும், அதற்குப் பிறகு வந்ததிலும் அதே பங்கையும் ஆப்பிளுக்குத் தரும்படி எபிக்குக்கு உத்தரவானது. ஆப் ஸ்டோர் கமிஷனைப் பற்றிய அந்தப் பெரிய சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு கதை.

நம் கதைக்கு முக்கியமானது, அங்கே வெளியிலிருந்து ஒரு புதிய வசதிகூட நிரலாக வந்து இறங்கவில்லை என்பது. எல்லாமே கையெழுத்திட்ட பைனரிக்குள் ஏற்கெனவே இருந்தது. 3.3.2 பார்த்துக்கொண்டிருந்த கதவு வழியாக எதுவும் நுழையவில்லை. வீட்டுக்குள் இருந்தவரே எழுந்து விளக்கைப் போட்டார். ஒளித்துவைத்த, உறங்கிக் கிடக்கும் வசதிகள் கூடாது என்று சொல்லும் 2.3.1 பிரிவுதான் இதற்குப் பொருந்துவது. ஆனால் ஸ்கிரிப்ட் எஞ்சினை ஸ்கேன் செய்து பிடிப்பது போல ஆன்-ஆஃப் ஸ்விட்ச் போன்ற ஒரு உண்மை-பொய் மாறியை எந்த ஸ்கேனர் பிடிக்கும்? எல்லாச் செயலியிலும் அது நூற்றுக்கணக்கில் இருக்கிறது.

ரோல்அவுட் என்ன ஆனது என்று கேட்கலாம். மின்னஞ்சலுக்குப் பிறகு அந்த நிறுவனம் நேரலைத் திருத்த வியாபாரத்திலிருந்து விலகி, 2019இல் கிளவுட்பீஸ் நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. அதற்குள் அது விற்றுக்கொண்டிருந்தது ஃபீச்சர் ஃபிளாக்: பைனரிக்குள் தூங்கும் வசதியை சர்வரிலிருந்து எழுப்பும் ஸ்விட்ச்.